பீங்கான் பல் பழுக்குமா?

திருச்சி தில்லைநகரில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், 36 ஆண்டுகளாகப் பீங்கான் பல் செய்துவருகிறேன். நான் மருத்துவர் இல்லை. பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்து பல்லை மூடும் கேப், விழுந்த பல்லின் இடத்தை நிரப்பும் பிரிட்ஜ், முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீர் செய்து தரும் லேப்காரன். உங்கள் முகத்தை நான் பார்த்திருக்க மாட்டேன். உங்கள் வாயில் எந்தப் பல் கோணல் என்பது எனக்குத் தெரிந்திருக்கலாம். பத்திரிகை ஆசிரியர் அனுப்பிய வாசகர் கடிதக் கட்டில் முக்கால்வாசி நிறத்தைப் பற்றியே இருந்தது. அதனால் இம்முறை வேறு எதையும் தொடவில்லை. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (வாசகி, கும்பகோணம்): 12 ஆண்டுகளுக்கு முன் மொபெட்டிலிருந்து விழுந்து, முன்பற்கள் இரண்டுக்கும் செராமிக் கேப் போட்டுக்கொண்டேன். எது பல், எது கேப் என்று என் கணவருக்கே தெரியாத அளவுக்கு அப்போது பொருந்தியிருந்தது. போன மாதம் மகளின் வளைகாப்பு ஆல்பத்தைப் பார்த்தால் அந்த இரண்டு மட்டும் பளீரென்று தனியாகத் தெரிகின்றன. கேப் வெளுத்துவிட்டதா?

பதில்: வெளுக்கவில்லை அம்மா. கேப் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பக்கத்துப் பற்கள்தான் 12 ஆண்டு நடந்து போயிருக்கின்றன.

பல்லின் மேலோடு, அதாவது எனாமல், பாதி ஒளி புகும் பொருள். மஞ்சள் அதற்குள்ளே இருக்கும் டென்டினுடையது. மல்துணிக்கு அடியில் மஞ்சள் துண்டை வைத்தால் மஞ்சள்தானே தெரியும்? துணி நைய நைய இன்னும் நன்றாகத் தெரியும். வயது ஏறும்போது எனாமல் தேய்கிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது, நிறமும் ஆழமாகிறது. காப்பி, டீக் கறை இதற்கு மேல்.

கேப்புக்கு இந்த வயது கிடையாது. ஏன் என்பதற்கு என் மேசைக்கு வாருங்கள். ஜாடிகளில் வெண்மாவு போல் இருக்கும் பொடி, ஃபெல்ட்ஸ்பாரை உருக்கிக் கண்ணாடியாக்கி மறுபடி அரைத்தது. அதன் நிறம் சாயம் அல்ல, உலோக ஆக்சைடுகள். இரும்பு பழுப்பைத் தரும். பிரசியோடிமியம் கலந்த சிர்கான் மஞ்சளைத் தரும். நுனிப் பகுதியின் நீலத்துக்குக் கோபால்ட். ஊடுருவித் தெரியாமல் இருக்க டின் ஆக்சைடோ ஜிர்கோனியம் ஆக்சைடோ. இவை எல்லாம் தொழிற்சாலையிலேயே பொடிக்குள் சேர்ந்து உருகியவை. பொடியைத் திரவத்தில் குழைத்து, தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுப் பல்லை எழுப்புவேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இந்த நேரத்தில் முகம் சுளிப்பார்கள். பல்லின் உடல் ரோஸ் நிறத்திலும் நுனி வெளிர்நீலத்திலும் இருக்கும்! எங்கே எதை வைத்தோம் என்று நமக்கு அடையாளம் தெரிவதற்காகச் சேர்த்த வெறும் சாயம் அது. சூளையில் எரிந்து போய்விடும். சுட்டால் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், எழுப்பும்போது பல் குதிரைப் பல் போலத்தான் இருக்கும். சூளை வாயில் சில நிமிடம் உலர்த்தி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றுவோம். செந்நிறமாகக் கனன்றுகொண்டு வெளியே வரும். ஆறும்போது கனல் மெல்ல மங்கி, கடைசியில்தான் பல்லின் நிறத்துக்கு வந்து சேரும். எத்தனை ஆயிரம் முறை பார்த்தாலும் அந்த அரை நிமிடம் நான் கண்ணை எடுப்பதில்லை.

900 டிகிரியில் எரியாமல் மிஞ்சிய நிறம் அது. உங்கள் ஊர் டிகிரி காப்பி என்ன செய்துவிடும்? நிறம் கண்ணாடிக்குள் இருக்கிறது. காப்பி கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது.

என்ன செய்யலாம் என்றால், இரண்டு கேப்பையும் அறுத்தெடுத்துப் புதிது போடுவதைவிட, பக்கத்துப் பற்களை மருத்துவரிடம் மிதமாக வெளுக்க வைத்துக் கேப்பின் நிறத்துக்குக் கொண்டுவருவது செலவிலும் சேதத்திலும் குறைவு. ஒன்றுமே செய்யாமல் இருப்பது அதைவிடக் குறைவு. ஃபிளாஷ் அடித்த வளைகாப்பு ஆல்பத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): பல்லை வெளுக்கும் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன். மேலே ஒரு கேப் இருக்கிறது. அதுவும் சேர்ந்து வெளுக்குமா?

பதில்: வெளுக்காது. பெராக்சைடு ஜெல் எனாமலுக்குள் புகுந்து கறை மூலக்கூறுகளை உடைக்கிறது. பீங்கானுக்குள் அது புகவும் முடியாது, உடைக்க அங்கே ஒன்றும் இல்லை. எல்லாப் பற்களும் வெளுத்தபின் கேப் மட்டும் பழைய வீட்டுக் கதவு மாதிரி நிற்கும். கேப்பை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் வெளுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் விடுங்கள், நிறம் நிலைத்தபின் கேப்புக்கு ஷேடு, அதாவது நிற அளவு, எடுக்கச் சொல்லுங்கள். வரிசை மாறினால் எனக்கு இரட்டை வேலை, உங்களுக்கு இரட்டைச் செலவு.

கேள்வி (வாசகர், தர்மபுரி): சிறு வயதில் போர்வெல் தண்ணீர் குடித்து என் முன்பற்களில் பழுப்புத் திட்டுகள். வெனீர் ஒட்டலாம் என்கிறார் மருத்துவர். நான்கைந்து ஆண்டில் பழுப்பு மறுபடி வெளியே வந்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: தம்பி, உங்கள் மாவட்டத்திலிருந்து எனக்கு வராத மாதமே இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் குடித்தால் எனாமலே சரியாக விளையாமல் போகும். அந்தத் திட்டு கறை அல்ல, பல்லின் உள்ளமைப்பு. தேய்த்தால் போகாது. பீங்கானுக்குள் ஊறி ஏறிவரவும் அதனால் முடியாது.

ஆனால் நண்பர் வெறுங்கதை சொல்லவில்லை. வெனீர் அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஓடு. கண்ணுக்கு ஒட்டும் லென்ஸுக்கு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் அதைத் தாண்டிப் போய், அடியில் இருப்பதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். அடியில் பழுப்பு இருந்தால் முதல் நாளே ஒரு நிழல் தெரியும். அதை மறைக்க ஓடு கொஞ்சம் கனமாகவோ, ஒளி புகாத பொடியிலோ செய்ய வேண்டும். அதிகம் மறைத்தால் பல் சுண்ணாம்பு அடித்தது போல் உயிரில்லாமல் போகும். இந்த இழுபறியில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. வெனீருக்கு முன் பல்லை வெளுத்தோ, மேல்திட்டைச் சுரண்டியோ பழுப்பைப் பாதி குறைத்துக்கொண்டால் எனக்கு வேலை எளிது.

நாளாவட்டத்தில் மாறக்கூடியது இன்னொன்று, நடுவில் இருக்கும் பசை. ரெசின் சிமெண்ட் என்பது பிளாஸ்டிக் வகை; அதற்கு வயதாகும். வெளிச்சத்தாலும் ரசாயனத்தாலும் சேர்ந்து இறுகும் இருவழிச் சிமெண்டில் அமீன் என்ற பொருள் இருக்கும். அது காலப்போக்கில் மஞ்சளாகும். கடைவாயில் தடித்த கேப்புக்கு அடியில் இருந்தால் யாருக்கும் தெரியாது. அரை மில்லிமீட்டர் ஓட்டுக்கு அடியில் இருந்தால் ஊருக்கே தெரியும். மெல்லிய வெனீருக்கு நீல விளக்கால் மட்டும் இறுகும் சிமெண்டே நல்லது. ஒட்டுவதற்கு முன், கழுவினால் போகிற மாதிரிப் பசையை வைத்து நிறம் காட்டும் வழி உண்டு. அதைக் காட்டச் சொல்லி, கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

கேள்வி (வாசகி, மதுரை): 2006-இல் போட்ட கேப். பீங்கான் அப்படியே இருக்கிறது. ஈறோரத்தில் மட்டும் மை தீட்டியது போல் கறுப்புக் கோடு. அழுகிவிட்டதா?

பதில்: அது மெட்டல் செராமிக் கேப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் நான் செய்தவற்றில் பத்துக்கு ஒன்பது அதுதான். உள்ளே நிக்கல் குரோமியத்தில் ஒரு மெல்லிய தொப்பி, அதன் கறுப்பை மறைக்க ஒரு வெள்ளைப் பூச்சு, அதன்மேல் பீங்கான். நடுப்பல்லில் இந்த மூன்று அடுக்குக்கும் இடம் உண்டு. ஓரத்தில் கத்தி முனை போல் மெலிய வேண்டியிருப்பதால் பீங்கானுக்கு இடம் போதாது. அந்த விளிம்பை ஈறுக்குள் ஒளித்துவைப்போம். 20 ஆண்டில் ஈறு ஒரு மில்லிமீட்டர் ஏறினால் போதும், ஒளித்துவைத்தது வெளியே வந்துவிடும். வேர்சிகிச்சை செய்த பல் என்றால் வேரும் கறுத்திருக்கும். அதன் நிழலும் சேரும்.

கோடு மட்டும்தான் என்றால் அழுகல் இல்லை. விளிம்பில் நாக்கு வைத்தால் பள்ளமாகத் தட்டுப்பட்டாலோ, நூல் விட்டால் பிசிறினாலோ அது சொத்தை, உடனே காட்டுங்கள். மற்றபடி, நீங்கள் சிரிக்கும்போது மேலுதடு அவ்வளவு உயரம் போகிறதா என்று பாருங்கள். பலருக்குப் போவதில்லை. யாரும் பார்க்காத கோட்டுக்காக நல்ல கேப்பை உடைக்காதீர்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி): பீங்கானை வாயில் வைக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? வலிமைக்காகவா, அழகுக்காகவா?

பதில்: ஐயா, இரண்டுக்கும் இல்லை. கறையும் நாற்றமும்தான் காரணம். பாரிஸ் அருகே அலெக்ஸி துஷாத்தோ என்று ஒரு மருந்துக்கடைக்காரர். 18-ஆம் நூற்றாண்டு. அன்றைக்குப் பல்செட் என்றால் யானைத் தந்தமோ நீர்யானைப் பல்லோதான். இரண்டும் எலும்பின் பங்காளிகள். வாயில் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். அவர் தொழிலோ நாள் முழுக்க மருந்து கலப்பதும் சுவைத்துப் பார்ப்பதும். பல்செட் நிறம் மாறி வீசத் தொடங்கியது. மருந்து கலக்கும் பீங்கான் கிண்ணத்தில் மட்டும் ஒரு கறையும் ஒட்டவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. 1774 வாக்கில் பாரிஸில் ஒரு பீங்கான் ஆலைக்குப் போய்ப் பல்செட் சுட்டுத் தரச் சொன்னார். சுட்டபோது சுருங்கி வாய்க்குப் பொருந்தாமல் போனது. (அந்தச் சுருக்கத்தோடுதான் நானும் தினம் மல்லுக்கட்டுகிறேன்.) பிறகு நிக்கோலா துபுவா தெ ஷேமான் என்ற பல் மருத்துவர் கைக்குப் போய்த்தான் அது உருப்பட்டது. அவர் 16-ஆம் லூயி மன்னரிடம் காப்புரிமையும் வாங்கிக்கொண்டு, புரட்சி வந்ததும் லண்டனுக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குப் பீங்கான் குழம்பு கொடுத்தது வெட்ஜ்வுட் நிறுவனம்.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் ஜார்ஜ் வாஷிங்டன் நீர்யானைத் தந்தப் பல்லோடு அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். 1798-இல் அவருடைய பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட் எழுதிய கடிதம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பல்செட் கறுத்துப்போய்விட்டது, போர்ட் வைனில் ஊறவைத்தீர்களா, அல்லது குடித்ததாலா என்ற தோரணையில் கேட்கிறார். சாப்பிட்டதும் கழற்றிச் சுத்தமான தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் சுண்ணக்கட்டிப் பொடியால் தேயுங்கள் என்றும் புத்தி சொல்கிறார். ஒரு நாட்டின் முதல் ஜனாதிபதிக்கே இந்தப் பாடு. நோயாளியைக் கண்டிக்கும் பல் மருத்துவரின் தொனி 200 ஆண்டில் மாறவில்லை பாருங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, கோவை): விடுதி விழாவில் ஊதா விளக்குப் போட்டு நடனம். தோழிகளின் பற்கள் எல்லாம் நீலவெள்ளையாக ஒளிர, என் ஒரு பல் மட்டும் விழுந்துவிட்டது போல் கறுப்பாகத் தெரிந்ததாம். வெளிச்சத்தில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. கேப்பில் என்ன கோளாறு?

பதில்: கோளாறு கேப்பில் இல்லை, விளக்கில். புற ஊதாக் கதிர் பட்டால் இயற்கைப் பல் தானாக மெல்லிய நீலவெள்ளை ஒளியை உமிழும். உங்கள் கேப் ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகையாக இருக்கும். வெறும் ஜிர்கோனியாவுக்கு அந்தக் குணம் கிடையாது. மேலே ஒளிரும் பீங்கானையோ கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சையோ பூசினால்தான் உண்டு. உங்களுக்கு அது பூசப்படவில்லை, அல்லது தேய்ந்திருக்கிறது.

ஒரு பழைய கதையும் சொல்கிறேன். இந்த ஒளிர்வுக்காக ஒரு காலத்தில் பல் பீங்கானில் துளி யுரேனியம் சேர்த்தார்கள்! கதிர்வீச்சை யாரும் வாயில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்பதால் பின்னர் அதை விட்டுவிட்டு, சீரியம் போன்ற அரிய மண் தனிமங்களுக்கு மாறினார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் விடுதி விழாவுக்காக உங்கள் கேப்பை மாற்ற வேண்டாம். அன்று ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு ஆடுங்கள்.

கேள்வி (வாசகர், சோழவந்தான்): வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். வெற்றிலை போடாமல் இருக்க முடியாது. ஜிர்கோனியா போட்டால் காவி ஏறாதா?

பதில்: ஏறும். ஆனால் ஒட்டும், ஊறாது. உங்கள் சொந்தப் பல்லில் காவி விரிசலுக்குள் இறங்கிவிடும். வழவழப்பான பீங்கானில் அது படிவமாக உட்காரும்; மருத்துவர் சுத்தம் செய்தால் உரிந்து வரும். கேப்பும் பல்லும் சேரும் ஓரத்தில் மட்டும் கறுப்பு வளையம் கட்டும், அதை அடிக்கடி எடுக்க வேண்டும். கேப்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. இலையை நீங்கள் விற்றுக்கொள்ளுங்கள். பாக்கை வாயில் அடக்கும் பழக்கத்தை விடுங்கள். கன்னத்துக்குக் கேப் கிடையாது.

கேள்வி (வாசகி, சென்னை): கேப் பளபளப்பு குறைந்தது போல் இருக்கிறது. கரி கலந்த பற்பசை நல்லது என்கிறார்கள். எலுமிச்சையும் சமையல் சோடாவும் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து மூன்றும் வேண்டாம். பீங்கானின் நிறத்தை உங்களால் மாற்ற முடியாது. அதன் தோலை உரிக்க முடியும். கடைசிச் சூட்டில் கிளேஸ் என்று ஒரு கண்ணாடிப் பூச்சு கொடுப்போம். பல கேப்புகளில் மெல்லிய பழுப்புக் கீற்று, வெள்ளைப் பொட்டு போன்ற நுணுக்கங்களும் அந்தத் தோலிலேயே தீட்டியவையாக இருக்கும். நாள்தோறும் கரடான பொடியால் தேய்த்தால் முதலில் பளபளப்பு போகும், பிறகு தீட்டியது போகும். சொரசொரப்பான இடத்தில் டீக்கறை உட்காரத் தொடங்கும். அப்போது ‘கேப் மஞ்சளாகிவிட்டது’ என்று என்னைத் திட்டுவீர்கள்.

சாப்பாட்டுப் புளிப்புக்குப் பயப்பட வேண்டாம். எலுமிச்சைச் சாற்றால் சேதமாவது உங்கள் எனாமல்தான். பல் பீங்கானுக்கான சர்வதேசத் தரச் சோதனையில் அதை 4 சதவீத அசெட்டிக் அமிலத்தில், அதாவது கிட்டத்தட்ட நம் சமையல் வினிகரில், 80 டிகிரியில் 16 மணிநேரம் போட்டுவைத்து எடை குறைகிறதா என்று பார்ப்பார்கள். அதில் தேறிய பொருள் உங்கள் ரசத்துக்கு அஞ்சாது. அது அஞ்சும் அமிலம் ஒன்று உண்டு, ஹைட்ரோஃபுளோரிக். கண்ணாடியையே கரைக்கும் அமிலம் அது. வெனீரின் உள்பக்கம் பசை பிடிப்பதற்காக மருத்துவர்கள் அதை வேண்டுமென்றே தடவுவார்கள். சில வகைகளுக்கு 20 விநாடியே போதும், மேற்பரப்பு மங்கிவிடும். சொத்தை வராமலிருக்கச் சில இடங்களில் வைக்கும் 1.23 சதவீத அமில ஃபுளோரைடு ஜெல்லிலும் அதன் வாடை உண்டு. ஆகவே அடுத்த முறை ஃபுளோரைடு வைக்கும்போது, கேப் இருக்கிறது, அமிலமில்லாத ஜெல் வையுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மங்கிய கேப்பை மருத்துவரே ரப்பர் முனைகளாலும் வைரப் பசையாலும் தேய்த்து மறுபடி மெருகேற்ற முடியும். அரை மணிநேர வேலை.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): அடுத்த வாரம் ஒரே ஒரு முன்பல்லுக்குக் கேப் போடப்போகிறேன். நிறம் பின்னாளில் மாறாமலிருக்க நான் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: பின்னாளை விடுங்கள், முன்னாளைக் கவனியுங்கள். ஒற்றை முன்பல் என்றால் எங்களுக்குச் சிம்மசொப்பனம். ஆறு பல் செய்துவிடலாம், ஒன்று செய்வது கஷ்டம். பீங்கானின் நிறம் கெடுவதென்றால் பெரும்பாலும் வாயில் அல்ல, என் சூளையில் அல்லது மருத்துவரின் நாற்காலியில்.

சூளைக் கதை முதலில். 2012-இல் எங்கள் பக்கம் மின்வெட்டு தலைவிரித்தாடியது நினைவிருக்கும். காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் குமிழிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டு பல் புகை படிந்தது போலாகும். மறுபடி சுட்டால் தெளியும், ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் நிறம் கொஞ்சம் நகரும். அளவுக்கு மேல் சுட்டால் கண்ணாடி போலாகிச் சாம்பல் தட்டும். இன்வெர்ட்டர் வாங்கும்வரை அந்த ஆண்டில் நான் உடைத்துப் போட்ட பற்களைக் கோத்தால் ஒரு மாலை தேறும்.

நாற்காலிக் கதையில் குற்றவாளி நானும்தான். ஒரு பள்ளி ஆசிரியைக்கு முன்பல். ஷேடு பி1 என்று சீட்டு வந்தது. 16 பல் மாதிரிகள் கொண்ட ஷேடு வரிசை ஒன்று உண்டு. 1956-இல் ஒரு ஜெர்மன் நிறுவனம் கொண்டுவந்தது, இன்றும் உலகமே அதைத்தான் கையில் பிடித்திருக்கிறது. அதில் பி1 மிக வெளிர்ந்த நிறங்களில் ஒன்று. செய்து அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. பக்கத்துப் பல்லைவிட இரண்டு படி வெள்ளை. விசாரித்தால், ஒரு மணிநேரம் பஞ்சு வைத்து, காற்றடித்து, பல்லைச் செதுக்கி முடித்தபின் ஷேடு பார்த்திருக்கிறார்கள். ஈரம் போன பல் வெளுத்துத் தெரியும். எச்சில் ஊறியதும் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அந்த வயதில் பி1 அபூர்வமாயிற்றே, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று எனக்கும் தோன்றவில்லை.

ஆகவே, நாற்காலியில் உட்கார்ந்ததும், வாயைத் திறந்து ஊசி போடுவதற்கு முன்பே, ஷேடு பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் இருந்தால் நல்லது. அன்று பளீர்ச் சிவப்புச் சட்டை வேண்டாம். பெண்களானால் உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிடுங்கள். ஐந்து விநாடி பார்த்து முடிவெடுப்பதே சரி. உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண் களைத்துப் பொய் சொல்லும். எண்ணாக அளந்து சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. அந்தக் கணக்கில் வித்தியாசம் 1.2 இருந்தால் பார்ப்பவர்களில் பாதிப்பேர் கண்டுபிடிக்கிறார்கள், 2.7 வரை பாதிப்பேர் பொறுத்துக்கொள்கிறார்கள். மனிதக் கண் அவ்வளவு கூர்மை, அவ்வளவு தாராளம்.

கண்ணைப் பற்றிச் சொன்னதால் இதையும் ஒப்புக்கொள்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கு வலக்கண்ணில் புரை அறுவை. கட்டுப் பிரித்த மூன்றாம் நாள் லேபுக்கு வந்து ஒரு மாதிரிப் பல்லைக் கையில் எடுத்தேன். வலக்கண்ணால் பார்த்தால் ஏ2. இடக்கண்ணால் பார்த்தால் ஏ3, அதாவது ஷேடு வரிசையில் ஒரு படி ஆழ்ந்த நிறம். பழுத்த லென்ஸ் வழியே நீலம் குறைவாகத் தெரிந்ததால், அதற்கு முன் பல மாதங்களாகப் பல் நுனிகளில் நீலத்தைக் கூடக்கூட வைத்திருக்கிறேன். உதவியாளருக்குத் தெரிந்திருக்கிறது. ‘சொன்னால் தப்பாக நினைப்பீர்கள் அண்ணா’ என்றான். இப்போது நுனி நீலம் வைப்பது அவன் வேலை.

கேள்வி (வாசகர், புதுக்கோட்டை): 17 ஆண்டு இருந்த கேப்பை உள்ளே சொத்தை என்று மருத்துவர் கழற்றிவிட்டார். கையில் வாங்கிப் பார்த்தால் பழுப்பாக இருந்தது. பீங்கான் நிறம் மாறாது என்று சொல்கிறீர்களே, இதோ அந்தக் கேப். நீங்களே பாருங்கள்.

பதில்: ஐயா, தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி நீங்கள் அனுப்பியது பத்திரமாக வந்து சேர்ந்தது. கடிதக் கட்டிலேயே எடை அதிகமானது இதுதான். முன்பக்கத்தில் உடைக்காமல் எடுத்திருக்கிறார். உங்கள் மருத்துவருக்குப் பொறுமை அதிகம்.

முதலில் உள்ளே பார்த்தேன். பழுப்பு முழுவதும் அங்கேதான். பழைய சிமெண்ட், அதில் ஊறிய 17 ஆண்டு எச்சில், ஓரத்தில் சொத்தைக் கறுப்பு. பீங்கான் மெல்லியதாக இருக்கும் கழுத்துப் பகுதியில் அந்தப் பழுப்பு வெளியிலும் தெரிகிறது. அதிர்வலைத் தொட்டியில் பத்து நிமிடம் போட்டு, ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தபின் மறுபடி பார்த்தேன். காலை பத்து மணி, வடக்கு ஜன்னல். ஏ3 மாதிரிப் பல்லுக்கு அருகில் வைத்தேன். உதவியாளரையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் கண் இளசு. முகப்புப் பக்கம் அப்படியே ஏ3.

மாறியது என்று சொல்ல இரண்டு இடம் உண்டு. கீழ்ப்பல் உரசும் உள்பக்கத்தில் கடி சரிசெய்ய யாரோ தேய்த்துவிட்டு மெருகேற்றாமல் விட்டிருக்கிறார்கள். அந்த இடம் மங்கி, தேய்த்தும் போகாத மஞ்சள் படிந்திருக்கிறது. நுனியிலிருந்து மேலே மயிரிழை விரிசல் ஒன்று ஓடுகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதற்குள் டீ நிறத்தில் ஒரு கோடு. அது விரிசலில் இறங்கிய கறை, பீங்கானின் நிறம் மாறியதல்ல. சுரண்டும்போது விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டுவிட்டது, அது என் கைப் பிழை.

தீப்பெட்டி தபாலில் நசுங்கியிருந்தது. வேறு டப்பாவில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.